மூடி வைத்த மடிக்கணினியில் பேட்டரி கரைவது ஏன்? மின்சேமிப்பு நிலைகளைப் புரிந்து பயன்படுத்தும் முறை

மடிக்கணினியில் மின்சேமிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை, செயலி, வைஃபை ஆகியவற்றின் மின்செலவைக் குறைப்பது. விண்டோஸில் ‘எனர்ஜி சேவர்’ என்றும் மேக்கில் ‘லோ பவர் மோட்’ என்றும் இருப்பவை இந்த வகை. மற்றொன்று, நாம் எழுந்து போகும்போது கணினியை உறங்க வைப்பது; ‘ஸ்லீப்’, ‘ஹைபர்னேட்’, ‘ஷட் டவுன்’ ஆகியவை இதில் சேரும். பேட்டரி நிற்பதே இல்லை என்று வருந்துகிறவர்களில் பலர் முதல் வகையை மட்டும் கவனித்து, திரையைக் கண் வலிக்கும் அளவுக்கு மங்கலாக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஆனால் பெங்களூரில் வேலை பார்த்து, வாரக்கடைசியில் சேலத்துக்கோ திருச்சிக்கோ போய்வருகிற ஒருவரின் மடிக்கணினியில் சார்ஜ் காணாமல் போவது பெரும்பாலும் அது மூடிக் கிடக்கும் நேரத்தில்தான். ஆகவே முதல் வகையைத் தேவையான அளவு விளக்கிவிட்டு, இரண்டாவது வகைக்கே இங்கே அதிக இடம் தருகிறேன்.

வேலை செய்யும்போது ஆகும் செலவு

பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணி என்ற அலகில் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். 50 வாட்-மணி பேட்டரி கொண்ட கணினி சராசரியாக 10 வாட் எடுத்தால் 5 மணி நேரம் ஓடும். அதே கணினியை 5 வாட்டில் ஓட வைக்க முடிந்தால் 10 மணி நேரம் ஓடும். மின்சேமிப்பு அமைப்புகள் அனைத்தும் இந்தச் சராசரி வாட்டைக் குறைக்கும் முயற்சிகளே.

எளிய வேலைகளின்போது பெரும்பங்கு எடுத்துக்கொள்வது திரை. சாதாரண எல்சிடி திரையில், காட்டப்படும் நிறம் எதுவாக இருந்தாலும் பின்னொளி எரிந்துகொண்டேதான் இருக்கும். எனவே கறுப்புப் பின்னணிக்கு மாறுவதால் அதில் குறிப்பிடத்தக்க மிச்சம் இல்லை, ஒளிர்வைக் குறைத்தால்தான் உண்டு. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்புப் பின்னணி உண்மையாகவே மின்சாரத்தை மிச்சப்படுத்தும். உங்கள் திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் வகையானால், பேட்டரியில் இருக்கும்போது அதை 60ஆகக் குறைத்துக்கொள்வதும் பலன் தரும்.

செயலியின் கணக்கு சற்று நுட்பமானது. அது எடுக்கும் மின்திறன், கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் உடன் குறைக்கலாம். இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால் 0.8 × 0.8 × 0.8 என்ற பெருக்கலின்படி செலவு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. வேலை முடிய ஆகும் நேரமோ நான்கில் ஒரு பங்குதான் கூடுகிறது. உச்ச வேகத்தின் கடைசிப் பகுதிக்குத்தான் நாம் மிக அதிக விலை கொடுக்கிறோம் என்பது இதிலிருந்து விளங்கும். 2000ஆம் ஆண்டில் இன்டெல் தன் மடிக்கணினிச் செயலிகளில் ‘ஸ்பீட்ஸ்டெப்’ என்ற பெயரில் கொண்டுவந்த வசதி இந்தக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. இன்று மின்சேமிப்பு நிலையை இயக்கியதும் கணினி சற்று மந்தமாவது போலத் தோன்றினால், செயலி அந்த விலையுயர்ந்த உச்சத்தைத் தொடாமல் தடுக்கப்படுகிறது என்று பொருள்.

வேகத்தைக் குறைப்பதைவிடவும் பெரிய மிச்சம் ஒன்று நம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. நொடிக்கு ஐந்து எழுத்து தட்டச்சு செய்கிறவரின் இரண்டு விசை அழுத்தங்களுக்கு நடுவே 200 மில்லிநொடி இருக்கிறது. எழுத்தைத் திரையில் இடுவதற்கு அந்த இடைவெளியில் ஒரு சிறு பங்கே போதும். மீதி நேரத்தில் செயலி தன் கருக்களின் (கணக்கிடும் உட்பகுதிகளின்) கடிகாரத்தை நிறுத்தி, இன்னும் நேரம் கிடைத்தால் அவற்றுக்கு வரும் மின்சாரத்தையே துண்டித்து, ஓய்வெடுத்துக்கொள்கிறது. இந்த ஓய்வு ஆழமாக இருக்க வேண்டுமானால் அது இடையறாமல் கிடைக்க வேண்டும். உலாவியில் எங்கோ திறந்து கிடக்கும் பக்கத்தில் ஒரு விளம்பரம் அசைந்துகொண்டிருந்தால், செயலி நொடிக்குப் பல முறை எழுப்பப்படுகிறது. நாம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் அதற்கு ஓய்வில்லை. இருபது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு பேட்டரியைக் குறைசொல்வதில் பயனில்லை. விண்டோஸில் ‘டாஸ்க் மேனேஜர்’, மேக்கில் ‘ஆக்டிவிட்டி மானிட்டர்’ ஆகியவற்றைத் திறந்து, எந்த நிரல் ஓயாமல் இயங்குகிறது என்று பார்த்து மூடுவது, திரையை மங்கலாக்குவதைவிடப் பல நேரங்களில் கூடுதல் பலன் தரும்.

விண்டோஸ் 10இல் ‘பேட்டரி சேவர்’ இயல்பாக 20 சதவீதத்தில் தானே இயங்கத் தொடங்கும். அது திரையின் ஒளிர்வை 30 சதவீதம் குறைக்கிறது. பின்னணியில் நடக்கும் மின்னஞ்சல், கோப்பு ஒத்திசைவு போன்றவற்றை நிறுத்திவைக்கிறது. விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் இது ‘எனர்ஜி சேவர்’ எனப் பெயர் மாறி, மின்செருகியில் இணைத்திருக்கும்போதும் பயன்படுத்தக்கூடியதாக ஆகிவிட்டது. என் பரிந்துரை, இது தானே வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதே. சென்னைக்குப் போகும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறி, செருகி கைக்கெட்டாத இருக்கையில் அமர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று தெரிந்தால், 100 சதவீதத்திலேயே அதை இயக்கிவிடுங்கள். கடைசி 20 சதவீதத்தில் மட்டும் சிக்கனம் பிடிப்பதால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். தொடக்கத்திலிருந்தே பிடித்தால் கிடைப்பது மணிக்கணக்கு.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு சொல். மின்வெட்டின்போது வீட்டு யுபிஎஸ்ஸிலிருந்து மடிக்கணினியைச் சார்ஜ் செய்தால், யுபிஎஸ் பேட்டரியின் நேர்மின்சாரம் மாறுமின்சாரமாகி, சார்ஜரில் மீண்டும் நேர்மின்சாரமாகி, பிறகு இன்னொரு பேட்டரிக்குள் போகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது. மடிக்கணினிக்கென்று சொந்தப் பேட்டரி இருக்கும்போது, யுபிஎஸ்ஸை வைஃபை ரூட்டருக்கும் மின்விசிறிக்கும் விட்டுவிட்டு, கணினியை மின்சேமிப்பு நிலையில் அதன் சொந்தச் சார்ஜிலேயே ஓட்டுவது நல்லது.

உறக்கத்தின் வகைகள்

கணினியின் உறக்கத்தை ஒழுங்குபடுத்த இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் 1992இல் ‘ஏபிஎம்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அதற்கு மாற்றாக இவ்விரு நிறுவனங்களும் தோஷிபாவும் சேர்ந்து 1996இல் ‘ஏசிபிஐ’ என்ற தரநிலையை வெளியிட்டன. உறக்கநிலைகளுக்கு எஸ்1 முதல் எஸ்5 வரை எண் இட்டது அந்தத் தரநிலைதான். இன்றுவரை பொறியாளர்கள் அந்தப் பெயர்களையே சொல்கிறார்கள்.

எஸ்3 என்பது நாம் பல ஆண்டுகளாக ‘ஸ்லீப்’ என்று அறிந்த நிலை. செயலி, திரை, வட்டு அனைத்துக்கும் மின்சாரம் நின்றுவிடும். ரேம் நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு போய்க்கொண்டிருக்கும். ரேமின் ஒவ்வொரு கலத்திலும் தகவல் ஒரு நுண்ணிய மின்னேற்றமாக இருக்கிறது. அது தானே கசிந்துவிடக்கூடியது என்பதால், வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். உறங்கும் கணினி மின்சாரமே எடுக்காமல் இருக்க முடியாததற்குக் காரணம் இதுவே. ஆனால் அந்தத் தேவை சிறியது: அரை வாட் என்று வைத்துக்கொண்டால், 50 வாட்-மணி பேட்டரி நான்கு நாள் தாங்கும்.

எஸ்4 எனப்படும் ‘ஹைபர்னேட்’ நிலையில், ரேமில் இருப்பது முழுவதும் வட்டில் ஒரு கோப்பாக எழுதப்பட்டு, பிறகு கணினி அணைந்துவிடுகிறது. மறுபடி இயக்கும்போது அந்தக் கோப்பு வாசிக்கப்பட்டு, திறந்திருந்த ஆவணமும் பக்கமும் விட்ட இடத்திலேயே வந்து நிற்கும். எழுந்து வரச் சற்று நேரம் எடுக்கும். ஆனால் இடைப்பட்ட நேரம் இரண்டு மணியானாலும் இரண்டு வாரமானாலும் பேட்டரிச் செலவு இல்லையென்றே சொல்லலாம். எஸ்5 என்பது முழுவதும் அணைப்பது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இயங்கும் கணினிகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையப்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடங்குகிறது. ஆகவே கணினி முரண்டு பிடித்தால், முழுதாகப் புதிதாய்த் தொடங்க ‘ரீஸ்டார்ட்’ கொடுப்பதே சரியானது.

சிக்கல் தொடங்கியது இதற்குப் பிறகுதான். கைப்பேசியைப் போல மடிக்கணினியும் தொட்ட நொடியில் விழிக்க வேண்டும், உறங்கும்போதும் மின்னஞ்சல் வந்துகொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், விண்டோஸ் 8இல் ‘கனெக்டட் ஸ்டாண்ட்பை’ என்றும் விண்டோஸ் 10இல் ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்றும் ஒரு புதிய உறக்கமுறை வந்தது. இதில் கணினி எஸ்3க்குப் போவதே இல்லை. அது விழித்திருக்கும் எஸ்0 நிலையிலேயே, திரையை மட்டும் அணைத்துவிட்டு, மற்ற பாகங்களை இயன்றவரை ஓய வைக்கிறது. எல்லாப் பாகங்களும், அவற்றை இயக்கும் டிரைவர் நிரல்களும் ஒழுங்காக ஒத்துழைத்தால் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரேயொரு டிரைவரோ, செருகியபடியே விட்ட ஒரு யுஎஸ்பி கருவியோ, இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு புதுப்பிப்போ ஓய மறுத்தால், கணினி முழுவதும் அரைத்தூக்கத்தில் கிடந்து மின்சாரத்தை உண்ணும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 நிலையே நீக்கப்பட்டுவிட்டதால், பழைய முறைக்குத் திரும்பும் வழியும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் ஊர்ப் பேருந்தில் ஏறுகிற நம்மவர்களில் பலர் இதன் விளைவைக் கையாலேயே தொட்டு அறிந்திருப்பார்கள். ஒயிட்ஃபீல்டில் மூடிப் பையில் வைத்த கணினி, சில்க் போர்டு நெரிசலைக் கடந்து ஓசூரைத் தொடுவதற்குள் மடியில் இருக்கும் பையின் துணி வழியே இளஞ்சூடாகத் தெரியத் தொடங்கும். ஜிப்பைத் திறந்து உள்ளே கைவிட்டால், விசிறி சுழலும் மெல்லிய அதிர்வு விரலில் படும். பைக்குள் காற்றோட்டம் இல்லாததால் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பவற்றில் வெப்பம் முதன்மையானது. எனவே அன்றைய சார்ஜ் போவதோடு, பேட்டரியின் எதிர்காலக் கொள்ளளவும் சேர்ந்து போகிறது. இந்தக் காரணத்தால், பைக்குள் போகும் மடிக்கணினியை ‘ஸ்லீப்’ நிலையில் விடவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஹைபர்னேட்டைத் திரும்பக் கொண்டுவருதல்

முதலில் உங்கள் கணினியில் எந்த உறக்கநிலைகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்று தேடித் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றி (பி, ஓ, டபிள்யூ, இ, ஆர், சி, எஃப், ஜி) தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்வுக்கோடும் ‘ஏ’ என்ற எழுத்தும் இட்டு என்டர் விசையை அழுத்துங்கள். வரும் பட்டியலில் ‘ஸ்டாண்ட்பை எஸ்3’ இருந்தால் உங்களுடையது பழைய வகை. ‘எஸ்0 லோ பவர் ஐடில்’ இருந்தால் அரைத்தூக்க வகை. அதே பட்டியலில் ‘ஹைபர்னேட்’ இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இல்லையென்றால், கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, அதே கட்டளையின் பின்னே சாய்வுக்கோடு, ‘ஹைபர்னேட்’, இடைவெளி, ‘ஆன்’ என்று கொடுத்தால் அது இயக்கப்படும். இதற்கு வட்டில் கொஞ்சம் இடம் வேண்டும். ரேமின் அளவில் 40 சதவீதம் என்பது விண்டோஸின் இயல்பான ஒதுக்கீடு, அதாவது 16 ஜிபி ரேமுக்கு ஏறக்குறைய ஆறரை ஜிபி.

அடுத்து, பழைய ‘கண்ட்ரோல் பேனல்’ வழியாக ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பக்கத்துக்குப் போய், மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தேர்வு செய்யும் இணைப்பைத் திறங்கள். அங்கே பேட்டரியில் இருக்கும்போது ஒன்று, மின்செருகியில் இருக்கும்போது ஒன்று என இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். பேட்டரி வரிசையில் ‘ஹைபர்னேட்’ என்றும் செருகி வரிசையில் ‘ஸ்லீப்’ என்றும் வையுங்கள். வீட்டு மேசையில் மூடும்போது உடனே விழிக்கும் வசதியும், பையில் வைக்கும்போது முழு ஓய்வும் இதனால் கிடைக்கின்றன. இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்ய, முதலில் சார்ஜரை உருவிவிட்டுப் பிறகு மூட வேண்டும். செருகியிருக்கும்போதே மூடிவிட்டுப் பின்னர் உருவினால், கணினி செருகி வரிசையின்படி ‘ஸ்லீப்’ நிலைக்கே போயிருக்கும். அதே பக்கத்தின் மேலே, தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்றுவதற்கான இணைப்பைச் சொடுக்கி, கீழே ‘ஹைபர்னேட்’ கட்டத்தில் குறியிட்டால், ஸ்டார்ட் மெனுவின் பவர் பொத்தானிலும் அது தோன்றும்.

பத்து நிமிடம் காபி குடிக்கப் போவதற்கு ‘ஸ்லீப்’ போதும். அதற்கெல்லாம் ஹைபர்னேட் செய்ய வேண்டியதில்லை. மறந்துபோய் அப்படியே விட்டுவிடுகிற நாள்களுக்காக, ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தின் மேம்பட்ட அமைப்புகளில், இவ்வளவு நேரம் உறங்கிய பின் ஹைபர்னேட் ஆகிவிடு என்று ஒரு காலவரம்பும் கொடுக்கலாம். ஒரு மணி நேரம் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

அலுவலகம் கொடுத்த மடிக்கணினிகளில் இந்த அமைப்புகள் பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது உங்கள் நிறுவனத்தின் ஐடி பிரிவிடம் ஹைபர்னேட்டை மட்டும் இயக்கித் தரும்படி கேளுங்கள். ஊருக்குப் போகும் வழியில் கணினி பைக்குள் சூடாகிறது என்று காரணத்தைச் சொல்லிக் கேட்டால் அது நியாயமான வேண்டுகோளே. இயலாதென்றால், பயணத்துக்கு முன் ‘ஷட் டவுன்’ செய்துவிடுங்கள்.

மேக்கும் லினக்ஸும்

மேக் பயன்படுத்துகிறவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. 2005 முதலே ஆப்பிள் மடிக்கணினிகளில், உறங்கப்போகும் முன் ரேமின் நகல் ஒன்றை வட்டில் எழுதிவைக்கும் வழக்கம் வந்துவிட்டது; பேட்டரி முழுவதும் தீர்ந்தாலும் வேலை அழியாது. ‘லோ பவர் மோட்’ 2021இல் வந்த மாண்டரே பதிப்பிலிருந்து இருக்கிறது; ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ பக்கத்தின் ‘பேட்டரி’ பகுதியில், பேட்டரியில் மட்டும் இயங்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸில் ‘சஸ்பெண்ட்’ என்பதே ஸ்லீப். அது ஆழ்ந்த எஸ்3 உறக்கமா, அரைத்தூக்கமா என்பது கணினியைப் பொறுத்தது. ஹைபர்னேட் வேண்டுமானால், ரேமில் உள்ளது கொள்ளும் அளவுக்கு வட்டில் ‘ஸ்வாப்’ எனப்படும் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். நிறுவும்போதே இதைச் செய்துவிடுவது எளிது. வேலை நேரச் சிக்கனத்துக்கு ‘டிஎல்பி’ என்ற நிரலை நிறுவினால், பெரிய மாற்றங்கள் எதுவும் செய்யாமலேயே பலன் தெரியும்.

பலன் கிடைத்ததா என்று பார்ப்பது

அமைப்புகளை மாற்றிய பிறகு, அதே பவர்சிஎஃப்ஜி கட்டளையுடன் சாய்வுக்கோடும் ‘பேட்டரிரிப்போர்ட்’ என்ற சொல்லும் சேர்த்துக் கொடுத்தால், உலாவியில் திறக்கக்கூடிய ஓர் அறிக்கை உருவாகும். அதில் இரண்டு எண்களை முதலில் பாருங்கள்: ஒன்று பேட்டரி தயாரிக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவு, மற்றொன்று இப்போது முழுச் சார்ஜில் அது கொள்ளும் அளவு. 50ஆக இருந்தது 30ஆகத் தேய்ந்திருந்தால், எந்த மின்சேமிப்பு நிலையாலும் அந்த 20ஐ மீட்க முடியாது; புதிய பேட்டரிதான் தீர்வு. கணினி எப்போதும் மேசையில் செருகியபடியே இருக்குமானால், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து இயக்குவது இந்தத் தேய்மானத்தைத் தள்ளிப்போடும்.

அதே அறிக்கையில், எந்த நேரத்தில் கணினி விழித்திருந்தது, எப்போது உறங்கியது, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு சார்ஜ் குறைந்தது என்பதும் வரிசையாக வரும். உறங்கிய இரவில் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்திருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. முப்பது, நாற்பது சதவீதம் போயிருந்தால், நிர்வாகி உரிமையுடன் அதே கட்டளைக்குப் பின் சாய்வுக்கோடும் ‘ஸ்லீப்ஸ்டடி’ என்ற சொல்லும் கொடுங்கள். அரைத்தூக்க வகைக் கணினிகளில், எந்தப் பாகம் அல்லது எந்த நிரல் அதை ஓயவிடாமல் எழுப்பிக்கொண்டிருந்தது என்பதைப் பெயரோடு அது காட்டிவிடும். அந்தப் பெயர் ஒரு டிரைவருடையதாக இருந்தால், கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதன் புதிய பதிப்பை நிறுவுங்கள். செருகிய கருவியாக இருந்தால், மூடும் முன் அதைக் கழற்றிவிடுங்கள். பிறகு இன்னொரு இரவு உறங்கவிட்டு, மறுநாள் காலையில் அறிக்கையை மீண்டும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.